‘அடச்சு’ என்று வந்த பதில்

அந்தச் சொல் இன்னும் என் போனில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பிய ஒரே சொல்: அடச்சு. அதற்கு மேலே என் கேள்வி இருக்கிறது. கேள்வி என்று ஒருமையில் சொல்வது சரியில்லை. ஒரே வரியில் இரண்டைக் கேட்டிருந்தேன். கீழ்ப்பாதை திறந்திருக்கிறதா, பாஸ் கட்டியாகிவிட்டதா?

கோயம்புத்தூரில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிறர் எழுதியதைத் திருத்துவது வேலை. ஒரு வாக்கியத்தில் இரண்டு கேள்வி கேட்டால் ஒரு பதில்தான் வரும் என்று புதிய நிருபர்களிடம் சொல்வேன். இரண்டு பொருள் தரும் சொல் வந்தால் அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், நாமாக ஒன்றை வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்வேன்.

வீடு கேரள எல்லைக்குள், வடகரப்பதியில். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். அடைப்பது என்றால் இங்கே எல்லோருக்கும் மூடுவது, பணம் கட்டுவது இரண்டும்தான். கதவையும் அடைப்போம், கரண்ட் பில்லையும் அடைப்போம். எதை அடைத்தார்கள் என்பது பேச்சின் போக்கிலேயே தெரிந்துவிடும். தெரியாமல் குழம்பியதாக எனக்கு நினைவில்லை.

நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒருமுறை மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டப் போவோம். நான், எங்கள் ஊர்த் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், பாலக்காட்டின் பழைய கோயில் தெருவிலிருந்து வரும் வங்கி அதிகாரி, பாலக்காட்டில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவன் மனைவி. எங்கே போவது, எப்போது கிளம்புவது, யாரிடம் அனுமதி கேட்பது எல்லாம் என் பொறுப்பு. அந்தப் பொறுப்பை யாரும் என்னிடம் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் வங்கி அதிகாரிக்கு மாற்றல் வந்தது. ரயிலில் மூன்று நாள் தூரம். போவதற்குள் ஒரு நல்ல பாதை பார்த்துவிட வேண்டும் என்றார். முதலில் வாளையார் பக்கத்து அடிவாரத்தைத் திட்டமிட்டேன். யானை இறங்குகிறது என்று அதை அடைத்திருந்தார்கள். அடுத்து பாலக்காட்டுக்கு வடக்கே ஒரு பாதையைப் பிடித்தேன். காட்டுத்தீக் காலம் முடியும்வரை அங்கே நுழைவில்லை என்றார்கள். இரண்டு தடவையும் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் எனக்குத் தெரிந்தது.

“பேப்பர்காரர் பிளான் போட்டா பேப்பர்ல மட்டும் நன்னாயிருக்கும், கேட்டேளோ” என்றார் வங்கி அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே தங்கிவிட்டது.

மூன்றாவதாகக் காந்தலூரைத் தேர்ந்தெடுத்தேன். பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். அங்கே சைக்கிளுக்கு இரண்டு வழிகள் உண்டு. மேலே போவது தோட்டங்களை ஒட்டிய தார் ரோடு, பெரும்பாலும் சமதளம். கீழே போவது காட்டுக்குள் ஒன்பது கிலோமீட்டர் இறங்கும் ஒற்றையடிப் பாதை. கீழ்ப்பாதைக்கு பாஸ் வேண்டும். வருகிறவர்கள் எல்லோருடைய அடையாள அட்டை நகலையும் ஒன்றாகக் கொடுத்தால்தான் பாஸுக்குப் பணம் வாங்குவார்கள். கூடவே ஊர்க் குழுவின் பட்டியலில் உள்ள வழிகாட்டி ஒருவர் வர வேண்டும்.

எங்களுக்கு அமைந்த வழிகாட்டி பூண்டு பயிரிடுகிறவர், நாற்பது வயதிருக்கும். அவருடைய தாத்தா காலத்தில் மதுரைப் பக்கமிருந்து வந்த குடும்பம். போனில் பேசியபோது அந்தப் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு இரண்டு வருடம் காத்திருந்ததாகச் சொன்னார். பூண்டு விலை விழும் மாதங்களில் வீடு ஓடுவது இந்த வழிகாட்டி வேலையில்தான். பட்டியல் சிறியது, காத்திருப்பவர்கள் அதிகம், ஒரு புகார் வந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். அதனால் எதையும் முன்கூட்டியே தெளிவாகப் பேசிவிடுங்கள் சார் என்று கேட்டுக்கொண்டார். இதை நான் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

நால்வருடைய அட்டை நகல்களை அனுப்பினேன். தோப்புக்காரருடையது வரவில்லை. தேங்காய் போடும் ஆட்கள் வந்திருக்கிறார்கள், நாளை தருகிறேன் என்று இரண்டு நாள் தள்ளினார். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, ஆபீசில் முதல் பக்கம் முடியும் நேரத்தில், வழிகாட்டிக்கு அந்த இரட்டைக் கேள்வியை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. அடச்சு.

நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். முதல் வாசிப்பில் எனக்குப் பட்டது, பாதையை அடைத்துவிட்டார்கள் என்பதுதான். ஐந்தாவது நகல் போகாமல் பாஸுக்குப் பணம் கட்ட முடியாது. அது போகவில்லை என்பது எனக்குத் தெரியும். எனவே அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க முடியும். போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பேப்பர்ல மட்டும் நன்னாயிருக்கும் என்ற குரல் காதில் கேட்டது. பிறகு எங்கள் ஐவர் குழுவுக்கு எழுதினேன்: “பாஸ் கட்டியாச்சு. நாளை மறுநாள் காலை ஐந்தரைக்குப் பாதையில் இருக்கிறோம்.”

அது மொழிபெயர்ப்புப் பிழை அல்ல. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் சைக்கிள்களைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் காந்தலூரில் தங்கினோம். வழிகாட்டி மேல் ரோட்டுத் திருப்பத்தில் காலை ஏழு மணிக்கு நிற்பதாகச் சொல்லியிருந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வர வேண்டும். மேல் ரோட்டுத் திருப்பம் என்றால் அவர் எங்களைத் தார் ரோட்டில்தான் எதிர்பார்க்கிறார் என்று அர்த்தம். இதையும் நான் மற்றவர்களிடம் சொல்லவில்லை. வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம், அவர் பின்னால் வந்து சேர்ந்துகொள்வார் என்றேன்.

பாதையின் வாயில் குறுக்கே ஒரு மூங்கில் கட்டியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி சைக்கிளை நிறுத்தி, இது எதற்கு என்று கேட்டார். ஜீப் நுழையாமல் இருக்க எப்போதும் கட்டியிருப்பதுதான் என்றேன். அந்த இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மூங்கிலுக்கு அடியில் சைக்கிள்களைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம்.

இரண்டு கிலோமீட்டர் வரை பாதை அருமையாக இருந்தது. அதற்கப்புறம் இன்னும் அருமையாக ஆனது. சருகே இல்லாமல், கூட்டிப் பெருக்கிய மண் பட்டை ஒன்று, ஆறடி அகலத்தில் மரங்களுக்கிடையே வளைந்து போனது. வங்கி அதிகாரி சத்தம் போட்டுக்கொண்டே முன்னால் போனார். அது சைக்கிளுக்காகப் போட்டதல்ல. தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவாமல் இருக்கச் சருகை அள்ளிச் செய்வது, ஃபயர் லைன் என்பார்கள். அன்று அதன் ஓரத்தைக் கொளுத்திவிட ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கையில் பச்சைத் தழையும் முதுகில் தண்ணீர்க் கேனுமாக மூன்று வனத்துறை வாச்சர்கள் எதிரே நின்றார்கள். எங்களுக்குப் பின்னால், கூட்டிய மண்ணில் ஐந்து சைக்கிள்களின் டயர் தடம் தெளிவாக விழுந்திருந்தது.

மூத்த வாச்சர் தமிழில்தான் கேட்டார், யார் உங்களை உள்ளே விட்டது என்று. அவர் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம். அரை மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் இரு பக்கமும் நெருப்பு வைத்த பிறகு நாங்கள் நடுவில் இருந்திருப்போம் என்றார். என்னோடு வந்த நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனை எடுத்துக் காட்டினேன்.

“பாஸ் அடச்சாச்சுன்னு வழிகாட்டிதான் அனுப்பினார்” என்றேன்.

வாச்சர் அந்தத் திரையைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். எங்களை மூங்கில் வரை திரும்ப நடத்திக் கூட்டிவந்தார்கள். அங்கே, யாரோ சொல்லி, வழிகாட்டி பைக்கில் வந்து நின்றிருந்தார். முழங்கால் வரை ஈர மண். வாச்சர் படத்தைக் காட்டினார். அவர் தன் ஒரு சொல்லை வெகுநேரம் பார்த்தார்.

“வழியச் சொன்னேன் சார்” என்றார் என்னிடம்.

“ரெண்டு அர்த்தம் வருதே” என்றேன்.

ஐந்தாவது அட்டை வரவில்லை என்பது அங்கே அவருக்கும் எனக்கும் தெரியும். அவர் அதைச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும். சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. தலையைக் குனிந்து பைக்கின் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். எழுதினால் ஒழுங்காக எழுத வேண்டாமா என்று வாச்சர் அவரைக் கடிந்துகொண்டார். எங்களைக் கண்டித்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் ஊர்க் குழு கூடி அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. வேறு ஒரு பயணத்துக்காக நான் குழுவின் செயலாளரை அழைத்தபோது, அவர்கிட்ட பேசாதீங்க, அவர் இப்போ லிஸ்ட்ல இல்லை என்றார்.

எங்களுக்குள் ‘அடச்சு’ வேடிக்கையாகிப் போனது. வடக்கே போன வங்கி அதிகாரி குழுவில் எழுதுவார், “ஓய், இங்க சாப்பாடு அடச்சு. எந்த அர்த்தம்னு நீங்களே வெச்சுக்கோங்கோ.” ஹோட்டலில் பில் வந்தால் யாராவது சொல்வார்கள். சைக்கிள் கடை பூட்டியிருந்தால் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் நான் சிரிக்கும் பொம்மையைப் போட்டு அனுப்பினேன். எண்ணிப் பார்த்தால் எட்டு மாதம் அப்படிப் போயிருக்கிறது.

அக்டோபரில் தோப்புக்காரர் வீட்டுக்கு வந்தார். அடுத்த பயணம் எங்கே என்ற பேச்சு. காந்தலூரே போகலாம், இப்போது கீழ்ப்பாதை திறந்திருக்கும், அதே ஆளைக் கூப்பிடலாம் என்றார். அவர் பெயரை எடுத்துவிட்டார்கள் என்றேன்.

“ஏனுங்க, எதுக்கு?”

“அந்த மெசேஜுக்காக.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் சொல்லத் தொடங்கினேன். அந்தச் சொல்லை வாசித்ததும் எனக்கு என்ன புரிந்தது, என்ன எழுதினேன், மேல் ரோட்டுத் திருப்பம், மூங்கில். விட்டுவிடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். ஒருவகையில் அதற்காகத்தான் சொன்னேன்.

“நாந்தான் கார்டே குடுக்கலீங்களே” என்றார். “பாஸ் கட்டியாச்சுன்னு நீங்க போட்டப்பவே நெனச்சேனுங்க, இதெப்படின்னு. சரி, போனாப் போகுதுன்னு உட்டுட்டேன். அங்க அந்த மனுசன் தலையக் குனிஞ்சு நின்னப்பக்கூட வாயத் தொறக்கலீங்க.”

ஒருவன் மட்டும் சுமந்தது என்று நினைத்ததை இன்னொருவரும் சுமந்திருக்கிறார் என்றால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. அன்று அந்த மூங்கிலுக்குப் பக்கத்தில் உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர் நின்றிருக்கிறோம், அவ்வளவுதான் கூடுதலாகத் தெரிந்தது.

கடிதம் எழுதலாம் என்றேன். முதல் வரைவைத் தமிழில் எழுதினேன். ‘தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட தவறான புரிதல் காரணமாக’ என்று தொடங்கியது. யார் செய்தார் என்று தெரியாத அப்படிப்பட்ட வாக்கியங்களை ஆபீசில் தினமும் பத்தையாவது அடித்து நீக்குவேன். இதையும் அடித்தேன். குழுவின் பதிவேடு மலையாளத்தில்தான் இருக்கும், அதிலேயே எழுதினால்தான் ஏறும் என்றார் தோப்புக்காரர். மலையாளப் பள்ளியில் படித்தவர். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். மூன்று வரிதான் முக்கியமானவை: ஃபீஸ் அடச்சிருந்நில்ல. வழி அடச்சிருந்நு. ரெண்டும் எனிக்கு அறியாமாயிருந்நு. பணம் கட்டியிருக்கவில்லை, பாதை மூடியிருந்தது, இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது வரியில் ‘எனிக்கு’ என்பதை அடித்துவிட்டு ‘ஞங்ஙள்க்கு’ என்று அவர் பன்மையாக்கினார். நான் தடுத்தேன். அவர் கேட்கவில்லை.

தபாலில் வேண்டாம் என்று நேரில் போனோம், சைக்கிள் இல்லாமல். செயலாளர் வாசித்தார், இரண்டாவது முறையும் வாசித்தார், பதிவேட்டுக்குள் மடித்து வைத்தார். அடுத்த கூட்டத்தில் வைப்பேன் என்றார், வேறு வாக்குறுதி எதுவும் தரவில்லை. பிறகு வழிகாட்டியின் தோட்டத்துக்குப் போனோம். பூண்டுப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

அன்று ஏன் அட்டையைப் பற்றிச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கூட்டிட்டு வர்ற ஆளப் பொய்யன்னு வாச்சர் முன்னாடி சொன்னா, அப்புறம் எவன் சார் எங்கூட வருவான்” என்றார். “நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். களையெடுப்பை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நாங்கள் வரப்பு வழியே இறங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தை எங்கள் ஐவர் குழுவில் போட்டேன், மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. மற்ற நால்வரும் பார்த்துவிட்டதாக நீலக் குறி வந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. ஊர்க் குழு கூடும் தேதியைச் செயலாளர் இன்னும் சொல்லவில்லை. திங்கள்கிழமைதோறும் கூப்பிட்டுக் கேட்கிறேன், ஒரு தடவைக்கு ஒரு கேள்வி.