இருவாச்சிக் கூட்டுக் காவலர்

பிப்ரவரி 5: காவல் கூலி 900.
மார்ச் 5: காவல் கூலி 900.
ஏப்ரல் 5: 900, வாங்க வரவில்லை.

மலைக்காட்டில் இருவாச்சிக் கூட்டுக்குக் காவலிருந்த என் தங்கை கணவரின் கணக்கு இது. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். குஞ்சு வளரும்வரை ஆண்தான் பழம் ஊட்ட வேண்டும்.

மார்ச் கடைசியில் ஆண் வருவது நின்றது. ஓடையில் அதன் இறகுகள் மிதந்தன. மாப்பிள்ளை எங்கள் வனத்துறை அலுவலகத்துக்கு வந்து ஏணி கேட்டார். மேலிடத்து உத்தரவில்லாமல் அந்த மரத்தைத் தொடக் கூடாது. அன்றே எழுதிப்போட்டேன், மரத்தின் சுற்றளவு என்னவென்று கேட்டுப் பதில் வந்தது. அவர் காத்திருக்கவில்லை. மடியில் அத்திப்பழத்தோடு கயிற்றைப் பிடித்துத் தினமும் ஏறினார்.

"எனக்கு ஒரு நாளாவது பழம் வாங்கிட்டு வந்ததுண்டா? அந்த மகராசிக்கு மட்டும் மரமேறணுமோ?" என்றாள் தங்கை.

"நீ கோவிச்சுக்கிட்டு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவே. அவ இறகெல்லாம் உதிர்ந்து உள்ள கிடக்கா. எங்க போவா?"

"மழை வருதுங்க. இன்னைக்கு வேணாம்."

"பசிக்கு மழை தெரியுமா?"

அது ஏப்ரல் 4. பொழுது சாய்ந்தும் அவர் திரும்பவில்லை. தேடிப் போனபோது மரத்தடியில், சிதறிய பழங்களுக்கு நடுவே உயிரற்றுக் கிடந்தார். மேலே கீறலில் அலகு அசைந்துகொண்டிருந்தது. அந்த வழுக்கல் மரத்தில் ஏற வேறு யாரும் துணியவில்லை.

ஏணி வைக்க அனுமதித்து மேலிடத்திலிருந்து கடைசிக் கடிதம் வந்தது ஏப்ரல் 29.