லோர்னா வீட்டு அடுப்புக் குமிழ்கள்

லோர்னா ஹியடலாவுக்கு ஐம்பத்தொரு வயது. அமெரிக்காவின் டுலூத் நகரத்து மேட்டுத் தெருவில், ஏரி தெரிகிற சின்ன அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். எதையும் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமாகும் என்பதால், ஒத்தாசைக்குத் தினமும் ஷெல்பி என்ற பெண்ணை ஒரு நிறுவனம் அனுப்புகிறது. ஷெல்பிக்கு லோர்னாவின் வயதில் பாதிகூட இல்லை. ஆனாலும் லோர்னாவைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள்.

வீட்டில் அடுப்பு உண்டு, அதைத் திருகும் குமிழ்கள்தான் இல்லை. அவை ஷெல்பியின் கைப்பையில் இருக்கின்றன. ஒரு நாள் லோர்னா சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனாள். புகை கிளம்பி, அபாய மணி அலறி, கட்டடத்து ஆட்கள் எல்லாரும் தெருவில் இறங்கி நின்றார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வந்து குமிழ்களைப் பிடுங்கிவிட்டார்.

லோர்னா தானாகச் சமைக்கப் பழக வேண்டும், தன்னம்பிக்கை வளர வேண்டும் என்று வருஷா வருஷம் கூடிப் பேசி இலக்கு வைப்பவர்களும் இதே நிறுவனத்து ஆட்கள்தான். குமிழ் இல்லாத அடுப்பில் எவளால் சமைக்க முடியும்? அதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. லோர்னா போகிற சர்ச்சில் மார்டெல் என்று ஒரு பெரியம்மா. வருஷம் தவறாமல் விருந்துக்கு ரொட்டியைக் கருக்கிக்கொண்டு வருவாள். அவள் வீட்டுக் குமிழை யார் பிடுங்கினார்கள்?

இலையுதிர்கால விருந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடக்கும். வீட்டுக்கு வீடு ஒரு பதார்த்தம் வரும். பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க, அடியில் பெயரெழுதி ஒட்டியிருப்பார்கள். லோர்னா பெயரில் போவது, அடுப்புக்குள் வைத்துச் சுடுகிற ஹாட்டிஷ். கொத்திய இறைச்சியையும் காளான் சூப்பையும் கலந்து ஷெல்பி செய்வாள். மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்குவது மட்டும் லோர்னாவின் வேலை. "எல்லாம் அவளே செஞ்சா" என்று அங்கே ஷெல்பி தம்பட்டம் அடிப்பாள். வருகிறவர்கள் எல்லாரும் லோர்னாவின் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். குழந்தை முதல் அடி எடுத்துவைத்தால் தட்டுவார்களே, அந்தத் தட்டு. லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை குளிருக்குக் காரைச் சூடேற்ற ஷெல்பி கீழே போன சமயம், பாத்திரத்தின் அடியில் இருந்த தன் பெயரை லோர்னா உரித்துப் போட்டாள். வேறொரு ஒட்டுநாடாவில் நிதானமாக, கொட்டை எழுத்தில் 'ஷெல்பி' என்று எழுதி ஒட்டினாள்.

விருந்தில் பாத்திரம் காலியானதும் மார்டெல் அதைத் தூக்கிப் பார்த்தாள். "இதென்ன, ஷெல்பின்னு இருக்கு?"

"கண்ணு தப்பா ஒட்டிட்டா போல" என்று சிரித்தாள் ஷெல்பி.

"தப்பா ஒட்டல. குமிழு உன் பையில. சமைச்சது நீ. பேரு மட்டும் எதுக்கு என்னோடது? அப்புறம், கண்ணுன்னு கூப்பிடாத. எனக்குப் பேரு இருக்கு."

கூடத்தில் எல்லாரும் காபிக் கோப்பையை எடுத்தார்கள். மனத்தாங்கல் வந்தால் இன்னொரு வாய் காபி குடித்து விழுங்கிவிடுகிற ஊர் அது. எவரையாவது திட்டியே ஆகவேண்டுமென்றால், 'வித்தியாசமா இருக்கே' என்பார்கள். அதற்கு மேல் வசவு கிடையாது. மார்டெல்தான் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா ஷெல்பி, சமையலக் கருக விடுறவங்க குமிழத்தான் பிடுங்கணும்னா, நீங்க மொதல்ல என் வீட்டுக்கில்ல வந்திருக்கணும்?"

திங்கட்கிழமை லோர்னா தானே மேற்பார்வையாளருக்குப் போன் போட்டுக் குமிழ்களைத் திருப்பிக் கேட்டாள். பாதுகாப்பு, கலந்து பேசணும் என்று அவர் இழுத்தார். பேசுகிற இடத்துக்கு மார்டெலையும் கூட்டிக்கொண்டு வருவதாக இவள் சொன்னாள். அவர் தட்டிக்கழிக்கத் தட்டிக்கழிக்க, இவள் விடாமல் கூப்பிட்டாள். பனி கொட்டத் தொடங்கிய பிறகு ஒரு நாள், ஷெல்பி குமிழ்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"பாத்து, க..." என்று ஆரம்பித்து விழுங்கிக்கொண்டாள். "பாத்துப் பண்ணு, லோர்னா."

அடுத்த வருஷ விருந்துக்கு வந்த ஹாட்டிஷில் ஒரு மூலை கன்னங்கரேலென்று இருந்தது. ஒருவரும் தோளைத் தட்டவில்லை. உப்பு எங்கே என்று கேட்டார்கள்.

"இந்த மூலை வித்தியாசமா இருக்கே, லோர்னா" என்றாள் மார்டெல்.

"அதுவும் நான் செஞ்சதுதான்" என்றாள் லோர்னா.