நான் பெயர் போடாத மெக்கானிக்

போன ஞாயிற்றுக்கிழமை என் கார் மறுபடியும் நின்றது. ஏற்காட்டு மலையில் எத்தனையோ வளைவு, எத்தனையோ மேடு. அதையெல்லாம் விட்டுவிட்டு அது தேர்ந்தெடுத்த இடம், வெள்ளக்கடையில் மாரியப்பனின் மெக்கானிக் ஷெட் வாசல்.

இதில் என்ன சங்கடம் என்கிறீர்களா? இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குப் புரிந்திருக்கும். ஐந்து வாரம் முன்பு, என் புது இன்ஜெக்‌ஷன் கார் மேட்டில் திணறுகிறது என்று இங்கே புலம்பியிருந்தேன். 'வெள்ளக்கடை மெக்கானிக் ஒருவர் கை வைத்தார். அன்றிலிருந்து வண்டி வண்டியாகவே இல்லை' என்று ஒரு வரி. ரசித்ததாகப் பலர் கடிதம் போட்டார்கள். நாகரிகம் கருதி நான் பெயர் போடவில்லை. வெள்ளக்கடையில் கார் மெக்கானிக் ஒரே ஒருவர்தான் என்பது... எழுதும்போது தோன்றவில்லை.

அவர் கை வைத்தது எதில்? ஃபேன் பெல்ட்டில். அறுந்திருந்தது, மாற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

மாரியப்பன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஷெட்டில் ஒரு வண்டிகூட இல்லை. சுவரில், காலண்டருக்குக் கீழே என் கட்டுரை. நான்கு மூலையிலும் ஆணி அடித்திருந்தார். கட்டுரைக்கு மேலே என் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது. நான் சிரிக்கவில்லை.

"படிச்சனுங்க," என்றார். "நொம்ப நல்லா எழுதியிருந்தீங்க."

"அது வந்து... பொதுவா எழுதினது."

"எஸ்டேட் ஜீப்பு ரெண்டும் இப்ப சேலத்துக்குப் போவுதுங்க. பேப்பர்லயே போட்டுட்டாங்க, இனி இங்க எப்படி உடறதுன்னு எஸ்டேட் ரைட்டர் சொல்லிப்புட்டாரு. அந்த ரெண்டு ஜீப்புலதானுங்க என்ற பொழப்பே ஓடுச்சு."

அந்த ரைட்டர் வேறு யாருமில்லை. கொட்டச்சேடு எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கும் என் மனைவியின் அண்ணன். நாங்கள் அவர் வீட்டிலிருந்துதான் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் சீட்டில் இருந்த மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத எதையோ பார்த்தாள்.

மாரியப்பன் பானட்டைத் திறந்தார். என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இன்ஜின் இருமியது, குலுங்கியது, அணைந்தது. காற்றுக் குழாயின் மேலிருந்த ஒரு சின்ன ஒயர் பிளக்கைக் கழற்றிவிட்டு, "இப்பப் போடுங்க" என்றார்.

போட்டேன். இன்ஜின் நிதானமாக ஓடியது. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை.

"என்னங்க செஞ்சீங்க?"

"கோள் சொல்றவனக் கழட்டி உட்டுட்டனுங்க."

விளக்கினார். அந்தக் குழாய்க்குள் தலைமுடி மாதிரி ஒரு கம்பி. கரண்டில் சூடாகவே இருக்கும். காற்று போகப் போகக் குளிரும். குளிர்வதை வைத்து, இவ்வளவு காற்று போகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும். அது பெட்ரோலை அளந்து விடும். ஏர் ஃப்ளோ சென்சார் என்று பெயர். கம்பியில் அழுக்குப் படிந்தால் தகவல் தப்பு. தகவலே வராவிட்டால் கம்ப்யூட்டர் தன் உத்தேசத்துக்கு ஓட்டிக்கொள்ளும். தப்பான தகவல் வந்தால்தான் வம்பு.

லாட்ஜ்காரர் ஒருவரின் ஃபாரின் காரில் இதே கூத்தைப் பார்த்திருக்கிறாராம். சேலத்தில் என் காரை இரண்டு முறை பார்த்தவர்கள் 'மலையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்' என்பதற்கு மேல் போகவில்லை. நானும் அதை அப்படியே பத்திரிகையில் போட்டேன்.

அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த காகித ஃபில்டரை எடுத்ததும் எண்ணெய் சொட்டியது. எண்ணெயில் போட்டெடுத்த அப்பளம் மாதிரி இருந்தது.

"ஏனுங்க, இதுல எண்ணெய் ஊத்துனது யாருங்க?"

நான் யோசிப்பது போல நின்றேன்.

"இவருதாங்க," என்றாள் மனைவி, ஜன்னலிலிருந்து திரும்பாமலே.

உண்மைதான். எஸ்டேட் ஜீப்புகளில் ஏர் ஃபில்டருக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் எண்ணெய் ஊற்றி வைத்தால் செம்மண் தூசி அதிலேயே படிந்துவிடும். மச்சான் ஞாயிறு தவறாமல் அதைச் செய்வார். பெல்ட் மாற்றிய மறுநாள், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கை அரித்தது. என் காரைத் திறந்து பார்த்தால் ஃபில்டர் வெறும் காகிதமாகக் காய்ந்து கிடந்தது. பாவமாக இருந்தது. ஊற்றினேன்... தாராளமாகவே ஊற்றினேன். அதை இன்ஜின் உறிஞ்சி, கம்பிக்குப் பூசிவிட்டது.

மாரியப்பன் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்து, கம்பியில் விரல் படாமல் கழுவி, காயவிட்டு, பிளக்கை மாட்டினார். விளக்கு அணைந்தது. "சேலம் போனதும் புது ஃபில்டர் மாட்டிக்குங்க. அதுவரைக்கும் மெதுவாப் போங்க. எண்ணெய் மட்டும் ஊத்தீராதீங்க," என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மச்சானுக்குப் போன் செய்தேன். மாரியப்பன் மேல் தப்பில்லை, ஜீப்பை அவரிடமே விடுங்கள் என்றேன்.

"நீங்க வாயில சொன்னா ஆச்சுங்களா மாப்ள? எஸ்டேட் தொரை பேப்பரக் காட்டுன்னு கேப்பாரு. அச்சுல வந்தத அச்சுலதான் மாத்தோணும்."

நாங்கள் ஷெட்டிலிருந்து கிளம்பும்போது மாரியப்பனும் அதையேதான் கேட்டிருந்தார். "அன்னிக்குப் பேரு போடாம எழுதுனீங்க. இந்தத் தடவ போட்டு எழுதுங்க."

ஆகவே: வெள்ளக்கடை மாரியப்பன் என் காரில் ஃபேன் பெல்ட்டைத் தவிர எதையும் தொடவில்லை, அந்த பெல்ட் இன்றும் நன்றாக ஓடுகிறது. காரைக் கெடுத்தவரின் பெயர், வழக்கம்போல, மேலே போட்டோவோடு இருக்கிறது.