கப்பல் ஏறியவர்களின் வருமான வரி

வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது, அடுத்த வீட்டு இழவுக்குக் கூலி வாங்கிக்கொண்டு அழுகிற மாதிரியான தொழில். என்ன, நாங்கள் அதை மூன்று பிரதி எடுத்து அழ வேண்டும்.

நோட்டீஸ் வந்த அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்காமல் தட்டைத் தள்ளி வைத்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நோட்டீஸே வராத பாக்கியவான்கள் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் விருதுநகர் பஜாரில் ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கிக்கு மேல் மாடியில் அறை எடுத்துத் தொழிலை ஆரம்பித்தேன். கீழே மூட்டையைப் புரட்டினால் மேலே கமறும். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் பேசுவார்கள். அது வத்தலாலா, வரியாலா என்று நான் கேட்டதில்லை. அவர்களில் பாதிப் பேர் கொழும்பிலும் ரங்கூனிலும் கடை வைத்திருந்து, வருஷத்தின் நடுவில் ஊர் திரும்பியவர்கள். சட்டத்துக்கு ஒரு ஆள் ஒரு வருஷத்தில் ஒன்று இங்கே குடியிருப்பவர், இல்லாவிட்டால் குடியிருக்காதவர். பாதி வருஷம் அங்கே இருந்துவிட்டு, மூட்டை முடிச்சோடு கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவருக்கு அதில் தனியாக இடம் கிடையாது.

வந்த வருஷமும் வராத வருஷமும்

மாடசாமி ஏழாயிரம்பண்ணைக்காரர். கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஊருக்கு வந்தால் மறுபடி இலங்கைக்குள்ளே விடமாட்டார்களோ என்ற பயத்தில் பல வருஷம் வராமலே இருந்துவிட்டார். மனைவிக்குப் பணம் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. கடைசியில் ஓர் ஆவணி மாதம் கடையை ஒழித்துக்கொடுத்துவிட்டு, தனுஷ்கோடி வழியாக ஊர் வந்து சேர்ந்தார். வந்து, மழை ஒழுகிய கூரையை மாற்றி முடிப்பதற்குள் இரண்டு நோட்டீஸ். ஒன்று அவர் பேருக்கு; இன்னொன்று அவர் மனைவி பேருக்கு. இரண்டு பேரும் ஒன்றாகவே பஸ் ஏறி என்னிடம் வந்தார்கள்.

அப்போதிருந்த சட்டப்படி, வெளிநாட்டிலேயே இருக்கும் கணவன் இங்கே இருக்கும் மனைவிக்கு அனுப்பும் பணம் மனைவியின் வருமானம். அதனால் அவர் வராத வருஷங்களுக்கு அந்த அம்மாள் வரி கட்ட வேண்டும். கணவருக்கென்று இங்கே ஒரு வீடு இருந்து, அதில் அவர் வந்து காலை வைத்துவிட்டால், அந்த வருஷம் முழுக்க அவர் இங்கேயே குடியிருந்ததாகக் கணக்கு. அதனால் வந்த வருஷத்துக்கு, கையில் கொண்டுவந்த சம்பாத்தியத்துக்கு அவர் கட்ட வேண்டும். கொழும்பிலும் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கப்பல் ஏற விட்டிருந்தார்கள்.

இதை நான் சொல்லி முடித்ததும், கதவோரம் நின்றிருந்த அந்த அம்மாள், "அவுக அனுப்புன காசுல மூணு பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். மாமியாளுக்கு மருந்து வாங்குனேன். அதுவா சார் வருமானம்?" என்று கேட்டார். ஆமாம் என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. மாடசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சண்டை போடுகிற குரலில் அல்ல, வழி கேட்கிற குரலில் என்னிடம் கேட்டார்: "வந்தாலும் வரி, வராட்டாலும் வரிங்கிறீக. நா எங்கனதேன் இருந்திருக்கணும், அதச் சொல்லுங்க."

நட்டம் எது?

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ரங்கூன்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பர்மாவில் அரசாங்கமே கடைகளை எல்லாம் எடுத்துக்கொண்ட சமயம். தர்மராஜ் அண்ணாச்சி அங்கே பெரிய ஜவுளிக் கடைக்காரர். ஒரு நாள் காலையில் கடை திறக்கப் போனவரிடம், வாசலில் நின்ற சிப்பாய் சாவியை வாங்கிக்கொண்டான். மாற்றுச் சட்டையோடு கப்பலில் வந்தார். அதற்குப் பிறகு சிவகாசியில் ஓர் அச்சாபீசில், தீப்பெட்டி லேபிள் அடித்துக் காயப்போடுகிற இடத்தில் மேற்பார்வை வேலை.

கடை ரங்கூனில் இருந்தாலும், அண்ணன் தம்பி கூட்டாக வைத்த அந்தக் கடைக்கு முதலாளி ஸ்தானத்தில் இருந்து நடத்தியது விருதுநகரில் இருந்த அவருடைய அண்ணன். ஆகவே அந்தக் கடையின் லாபத்துக்கு இங்கேயும் வரி உண்டு. கடை கையைவிட்டுப் போகும்வரை அந்த வருஷம் நல்ல வியாபாரம். அந்த லாபம் இங்கே வரவே இல்லை. கடையோடு சேர்ந்து போய்விட்டது. ஆனாலும் சம்பாதித்தது சம்பாதித்ததுதான். சரி, கடையே போன நட்டத்தை அதில் கழிக்கலாம் என்றால், அது மூலதனத்தில் விழுந்த நட்டம், வருமானத்தில் விழுந்த நட்டம் இல்லை, கழிக்க முடியாது. நான் இதற்காக மதுரை வரைக்கும் அப்பீல் போய்ப் பார்த்தேன். தோற்றுத்தான் வந்தேன்.

அப்பீல் உத்தரவு வந்த அன்றைக்கு அண்ணாச்சி அச்சாபீசிலிருந்து நேராக வந்தார். கைவிரலெல்லாம் சிவப்பு மை. நான் உத்தரவை வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொன்னேன். அவர் நல்ல வியாபாரி. எதையும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. மேஜையில் மை பட்டுவிடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அப்ப சர்க்கார் கணக்குப்படி நா இன்னமும் லாபத்துலதேன் இருக்கேன், அப்படித்தான?" என்றார்.

நர்ஸம்மா

எஸ்தர் ரங்கூன் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சாத்தூரில் தம்பி மூலமாக ஒரு சின்ன வீடு வாங்கிப் போட்டிருந்தார். கடைசிக் காலத்தில் வந்து இருக்கலாம் என்று. அந்தக் கடைசிக் காலம் திடீரென்று ஒரு வருஷத்தின் நடுவில் வந்துவிட்டது. வந்து இங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். அவரே தேடி வந்து, "எனக்கு வரி உண்டான்னு பாத்துச் சொல்லுங்க. கட்டாம இருந்தா தப்பு" என்றார். தானாக வந்து வரி கட்டுகிறேன் என்று சொன்னவர் என் தொழிலில் அவர் ஒருவர்தான். நானும் சந்தோஷமாகக் கணக்கை எழுதிக் கொடுத்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. கணக்கைப் பார்த்த ஆபீசர், சாத்தூர் வீடு வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது, அதற்கு அத்தாட்சி என்ன என்று விசாரணைக்குக் கூப்பிட்டார்.

அந்த ஆபீசர் கெட்டவர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார், மோர் வரவழைத்தார். நர்ஸம்மா பழக்கதோஷத்தில் அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் "யெஸ் டாக்டர்" என்றே பதில் சொன்னார். அவரும் திருத்தவில்லை. "ரங்கூன்ல சம்பளம் வாங்குனதுக்கு ஏதாவது ஒரு காகிதம் இருந்தாப் போதும்மா. பாங்கிப் புஸ்தகம், ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட், எதுவானாலும் சரி" என்றார். எல்லாம் ஒரு பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டியை ரங்கூன் துறைமுகத்தில் சோதனை போட்டவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். கையில் கிடந்த வளையலையும், அம்மா போட்ட சங்கிலியையும் கழற்றிக்கொண்டார்கள். ரங்கூனுக்கு எழுதிய கடுதாசி எதற்கும் பதில் இல்லை. இதையெல்லாம் கேட்ட ஆபீசர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "பெட்டியை எடுத்துக்கிட்டதுக்காவது ஏதாவது எழுதிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். நர்ஸம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, தப்புச் செய்த பிள்ளை மாதிரி சொன்னார்: "இல்ல டாக்டர். எம் பின்னால லைன்ல நின்னவளுக்குத் தாலியக் கழத்திக்கிட்டு இருந்தானுக. ரசீது கேக்கணும்னு எனக்குத் தோணல."

திரும்பி வரும் எண்ணம்

வந்தவர்களுக்குத்தான் தொல்லை என்று நினைத்துவிட வேண்டாம், போகிறவர்களுக்கும் உண்டு. விஸ்வநத்தத்தில் ஒரு சின்னப் பட்டாசு கம்பெனியில் சண்முகவேல் கூட்டாளி. தீபாவளி சீசனுக்கு ஆர்டர் குவிந்து கிடந்த நேரத்தில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. உள்ளே இருந்தது அவருடைய ஒரே தம்பி. வெளியே வேலை வேண்டாம், நம் கண் பார்வையிலேயே இருக்கட்டும் என்று தம்பியை அங்கே சேர்த்ததும் அவர்தான். கருமாதி முடிந்ததும் பங்கைக் கொடுத்துவிட்டு, பினாங்கில் இருந்த மாமன் கடைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டார். நாகப்பட்டினத்தில் கப்பல் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போகிறவர் வரிப் பாக்கி இல்லை என்று சான்று வாங்க வேண்டும். அந்த வருஷக் கணக்கைப் பாதியிலேயே முடித்து, அதைப் பார்த்துச் சான்று கொடுக்க வாரக்கணக்கில் ஆகும். திரும்பி வரும் எண்ணத்தோடு போகிறவருக்கு இந்தச் சள்ளை இல்லை. "ஆபீசர் கேட்டா, திரும்பி வருவேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. கப்பலைப் பிடிச்சிரலாம்" என்று படி ஏறும்போதே சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீசரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பதிலை அவரே எடுத்துக் கொடுப்பது போல, "திரும்பி வர்ற எண்ணம் இருக்குல்ல?" என்றுதான் கேட்டார். சண்முகவேல் தரையைப் பார்த்துக்கொண்டே, "இல்ல" என்றார்.

கப்பல் அவரை விட்டுவிட்டுப் போயிற்று. சான்று வந்து அடுத்த கப்பல் கிடைக்கும்வரை, தம்பி மனைவியின் முகத்தில் விழித்துக்கொண்டு அதே வீட்டில்தான் அவர் இருக்க வேண்டியிருந்தது. ஆபீசிலிருந்து இறங்கி வந்ததும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "எழுத்துல வருவேன்னு குடுத்துட்டு வராமப் போனா, தம்பி அங்கன காத்துக்கிட்டே கெடப்பான் சார்" என்றார்.

அவுக பேருக்கு வந்தது

ராஜம்மாவும் அவருடைய இரண்டு பெண்களும் பெகுவிலிருந்து வந்தவர்கள். அது ரங்கூனுக்குப் பக்கத்து ஊர். கணவர் இவர்களை முதலில் கப்பல் ஏற்றிவிட்டு, வர வேண்டிய பாக்கியை வசூல் செய்துகொண்டு அடுத்த கப்பலில் வருவதாகச் சொன்னார். அடுத்த கப்பலில் வரவில்லை. அதற்கடுத்த கப்பலிலும் வரவில்லை. வந்தவர்களில் சிலர் அவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். சிலர் காய்ச்சலில் படுத்திருந்ததாகச் சொன்னார்கள். ராஜம்மா சிவகாசியில் கொழுந்தன் வீட்டுக் கொல்லையில் ஒரு அறையில் இருந்துகொண்டு, பெண்களையும் வைத்துக்கொண்டு தீப்பெட்டி ஒட்டினார்.

ஒரு நாள் காலை அவர் என் மாடிக்கு ஓடி வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமாகவே வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. கையில் ஒரு பழுப்பு உறை. "அண்ணாச்சி, அவுக பேருக்கு சர்க்காருலேர்ந்து வந்திருக்கு. அவுக பேரு, எங்க மாமனாரு பேரு, எல்லாம் சரியாப் போட்டிருக்கு. இங்கிலீசுல இருக்கு, கொழுந்தனுக்கு வாசிக்கத் தெரியல. எங்க இருக்காகன்னு போட்டிருக்கா?" என்றார். நான் பிரித்தேன். நோட்டீஸ். ஊர் திரும்பியவர்கள் பட்டியலில் கணவர் பேரும் இருந்திருக்கிறது. வந்த வருஷத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்யச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

அதை எப்படிச் சொன்னேன் என்று இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. அவர் சுவரில் கை ஊன்றிக்கொண்டு கேட்டதும், தண்ணீர் குடிக்க மறுத்ததும்தான் ஞாபகம் இருக்கிறது. ஆபீசருக்கு விவரமாக ஒரு பதில் எழுதிப் போட்டேன். அவரும் இரக்கப்பட்டு அதை ஒதுக்கி வைத்தார். ஆனால் ஆபீசர்கள் மாறுவார்கள், பட்டியல் மாறாது. மறு வருஷமும் நோட்டீஸ் வந்தது. அதற்கு மறு வருஷமும் வந்தது. வரும்போதெல்லாம் ராஜம்மா எடுத்துக்கொண்டு வருவார். நான் அதே பதிலை எழுதுவேன். மூன்றாவது தடவை எனக்கே பொறுக்கவில்லை. "ஆள் இருக்கிற இடம் தெரியல, இனிமே அனுப்பாதீகன்னு ஒரேயடியா எழுதிக் கொடுத்து, பட்டியல்லேர்ந்து பேரை எடுக்கச் சொல்லிருவோம்மா" என்றேன். மனுவும் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினேன்.

அவர் பேனாவை வாங்கவில்லை. பசை காய்ந்திருந்த விரலால் அந்த உறையின் மேல் இருந்த பேரைத் தடவிக்கொண்டு நின்றார். "வேணாம் அண்ணாச்சி. அவுக பேரெழுதி வீட்டுக்கு வர்றது இது ஒண்ணுதேன். அத நிப்பாட்டிராதீக."

இத்தனை வருஷத் தொழிலில் என் மாடி ஏறி வந்த ஒருவருக்கும் ஒரு நல்ல சேதி சொல்லி அனுப்பியதில்லை என்றாலும், எல்லாருடைய கணக்கையும் கெடுவுக்குள் ஒழுங்காகத் தாக்கல் செய்திருக்கிறேன்.