கறிச்சட்டிமேல் ஒரு கத்தி

எண்பதுகளில் ஒருநாள் ஈப்போ விமான நிலையத்தில் என் பையைச் சோதித்தவர் ஒல்லியான நடுவயதுக்காரர். மீசை மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். எந்தப் பையையும் திறக்குமுன், வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் விரலால் தட்டுவார். என் பையையும் தட்டித் திறந்தார். தூக்குச்சட்டி நிறைய ஆட்டுக்கறி. மூடிமேல், சட்டியைக் கட்டிய துணியில் முடிந்த பால்மரம் வெட்டும் கத்தி.

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் என் தோளில் கை வைத்தார். ரப்பர்த் தோட்டத்தில் சண்டியர் என்று பெயரெடுத்த நான் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன்.

"என்னா தம்பி இது?" மீசைக்காரர் கேட்டார்.

"தங்கச்சி கோலாலம்பூர்ல மாசமா இருக்குண்ணே. கறி கேட்டுச்சி. இரும்பு இல்லாம கொண்டு போனா காத்து கருப்பு அண்டும்னு அம்மா வெச்சிட்டாங்க. இரும்பு இருந்தா அது தொடாது."

"அதுக்கு ஒரு ஆணி போதும்லா."

போலீஸ்காரரிடம் மலாயில் ஏதோ சொன்னார். தோளிலிருந்த கை இறங்கியது.

"கத்தி இங்கயே இருக்கட்டும். வரும்போது எடுத்துக்கலாம்."

விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது. இரும்பில்லாத சட்டியோடு நான் நகராமல் நின்றேன். அவர் என்னையும் சட்டியையும் பார்த்தார். பிறகு தம் பெயர்ப்பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். அதைக் குத்தியிருந்த ஊக்கைத் துணி முடிச்சில் செருகினார்.

"இதுவும் இரும்புதான். ஓடுங்க."

தங்கை இரண்டு தட்டு சாப்பிட்டாள். ஊக்கு கொடுத்தவர் பெயர் என்ன என்று கேட்டாள். பெயர்ப்பட்டை அவ்வளவு நேரம் என் மூக்குக்கு நேராக இருந்தது. நான் கறியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.