முன் விறாந்தையில் ஓர் இரும்பு வளையம்

இங்கிலாந்திலிருந்து கிரான் ஊருக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில், இறந்துபோன என் தம்பியின் மோட்டார் சைக்கிள் முன் விறாந்தையில் இல்லை. இரவு நான் படுக்கப் போகையில் நின்றது. விடிந்தபோது அது நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டொன்று மட்டும் கிடந்தது. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த தம்பியின் மனைவி புவனத்திடம் விரைந்து போய்ச் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை.

“தருமன் கொண்டு பொயித்தான் அத்தான். கிறுகி வரும்.”

தருமன் பக்கத்து வளவுக்காரர். கேட்டுத்தான் எடுத்தாரா என்றேன். “என்னத்தக் கேக்கிற? திறப்பு அதிலதானே கிடக்கு” என்றாள். மேயப்போன மாடு திரும்பி வரும் என்பதுபோல அவள் சொன்ன அந்த ‘கிறுகி வரும்’ எனக்குள் எரிந்தது. சற்று நேரத்தில் கைபிடியில் மீன் பையைத் தொங்கவிட்டபடி தருமன் வந்தார். “ஐயா, இது ஒங்கட தம்பியப் போலதான். காலையில ரெண்டு உதை உதைச்சாத்தான் எழும்பும்” என்றார். உள்ளே புவனம் சிரிப்பது கேட்டது. கணவனை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகாத பெண்ணின் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. நான் பார்த்தது வண்டியின் பக்கக் கண்ணாடியை. முந்தைய இரவு அந்த இருக்கையில் ஏறி அமர்ந்தபோது கண்ணாடியில் என் மார்புதான் தெரிந்தது. தம்பி குட்டையானவன், தன் கண்ணுக்கு ஏற்ப அதைத் திருப்பி வைத்திருந்தான். அவனுடைய கண் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைக் குறித்து வைத்திருந்த ஒரே பொருள் அது. உள்ளூரில் இரண்டு மீன் வாங்குவதற்காகத் தருமன் அதைத் தன் கண்ணுக்குத் திருப்பி அழித்துவிட்டார்.

இங்கிலாந்தில் நான் வசிக்கும் நகரத்தில் எந்தப் பொருளும் ‘கிறுகி’ வருவதில்லை. பல்கலைக்கழகத்துக்கு நான் ஓட்டிப்போன மோட்டார் சைக்கிள் இருமுறை களவு போயிற்று. இரண்டாவது முறை பொலிசாருக்குத் தொலைபேசியில் முறையிட்டபோது, “கிரவுண்ட் ஆங்கர் போட்டிருந்தீர்களா?” என்று ஓர் இளங்குரல் கேட்டது. தரையில் புதைத்து, சங்கிலியை மாட்டுகின்ற இரும்பு வளையத்துக்கு அங்கே அதுதான் பெயர். இல்லை என்றேன். “ஓ” என்றது குரல். அந்த ஓரெழுத்தில் குற்றம் என் மேல் வந்து விழுந்தது. கட்டமைப்புப் பொறியியலை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்த நான், அடுத்த வாரமே வீட்டு முன்றிலில் துளையிட்டு, பிசின் ஊற்றி, வளையத்தை இறக்கினேன். வேலிக்கு அப்பால் நின்று பார்த்த அயலவர், “அப்படியானால் நீங்கள் இங்கேயே தங்கிவிடப் போகிறீர்கள்” என்றார். நான் குடியேறி இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் சொன்னது அது. திருடருக்காகத்தான் என்று விளக்கினேன். அவர் தலையசைத்த விதத்தில், திருடர் என்று நான் யாரைச் சொன்னேன், தன்னையும் சேர்த்தா என்பது அவருக்குப் புரியவில்லை என்று கண்டேன்.

தம்பி இறந்த செய்தி வந்த நாளில் எனக்கு விமானச்சீட்டுக் கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்துவிட்டது. தொலைபேசியில் அவன் மகள் வாணி அழுகையினூடே ஏதேதோ சொன்னாள். அவற்றுள் ஒன்று, “அப்பாட மோட்டார் சைக்கிள் வெளியிலதான் நிக்குது பெரியப்பா” என்பது. என்னால் செய்யக்கூடிய காரியம் அதைப் பூட்டிவைப்பது ஒன்றுதான் என்று பட்டது. உடுப்புகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, என் கைவிரல் தடிப்புள்ள உருக்குச் சங்கிலியையும் புதிதாக வாங்கிய இன்னொரு வளையத்தையும் பெட்டியில் அடுக்கினேன். கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி சங்கிலியை இரு கையாலும் தூக்கிப் பார்த்து, “அலியாட்டத?” என்றார். யானைக்கா என்று சிங்களத்தில் கேட்கிறார். மோட்டார் சைக்கிளுக்கு என்றேன். அவர் தன் சகாவைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லவைத்தார்.

மீன் வந்த அன்றே பக்கத்து ஊரான செங்கலடிக்குப் போய்த் துளைபோடும் இயந்திரம் வாடகைக்கு எடுத்துவந்தேன். விறாந்தையின் சீமெந்துத் தரையில் நான்கு துளைகள். சத்தம் கேட்டுப் புவனம் நிலையருகே வந்து நின்றாள். கடைசித் துளை முடியும்வரை நின்றாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அந்த மௌனத்தை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன். வளையத்தை இறக்கி, வண்டியைச் சங்கிலியால் அதில் மாட்டினேன். கண்ணாடியை நினைவிலிருந்து தம்பியின் உயரத்துக்குத் திருப்பினேன். பூட்டினேன். திறப்பு என் தலையணைக்கு அடியில் இருந்தது.

நேர மாற்றத்தில் நெடுநேரம் தூங்கிவிட்டேன். எழுந்து வந்தபோது எட்டு மணி. வாணி வெள்ளைச் சீருடையுடன் பூட்டிய வண்டியின் மேல் அமர்ந்திருந்தாள். அவள் வாகரைப் பக்கத்தில் மருத்துவமாது. ஆறரைக்குப் புறப்பட்டிருக்க வேண்டியவள், பெரியப்பாவை எழுப்பக் கூடாதென்று காத்திருக்கிறாள்.

“கிளினிக் நாள் பெரியப்பா. வயித்துப் பிள்ளைக்காரியள் வந்து காத்துக் கிடப்பாங்க. திறப்பத் தாங்க.”

“இது உன் அப்பாவின் சைக்கிள்” என்றேன். அதைவிட மோசமான வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

“அப்பா ஆசுபத்திரியில கிடக்கக்குள்ளயே என்ட கையில தந்தவர். கண்ணாடியத் திருப்பி வைச்சுத்து ஓடு எண்டும் சொன்னவர்.”

முதல் இரவு கண்ணாடியில் நான் கண்டது தம்பியின் உயரம் அல்ல, இவளுடையது. அப்போதும் நான் அசையவில்லை. பாதுகாப்பு, ஒழுங்கு, நினைவு என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். புவனம் வெளியே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அத்தான், இது எங்கட அம்மா எனக்குத் தந்த வளவு. மறுகா இவளுக்கு. ஒங்கட தம்பி முப்பது வரிசம் இதில இருந்தவர். சேட்டுக் கொழுவ ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் எங்கிட்டக் கேட்டுத்தான் அடிச்சவர்.”

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுடையவை. ஆண் கட்டிக்கொண்டு அங்கே போய் இருப்பான். சித்தாண்டியில் நாங்கள் பிறந்த வீடு அக்காவுக்குப் போயிற்று. நானும் தம்பியும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரே ஆண்டில் அவன் ஒரு தகரப் பெட்டியுடன் கிரானுக்கும், நான் ஒரு தோற்பெட்டியுடன் இங்கிலாந்துக்கும் புறப்பட்டோம். இவற்றையெல்லாம் நான் அறியாதவன் அல்லன். மறந்தவன். தம்பியின் வீடு என்று எண்ணி ஒரு பெண்ணின் தரையைக் கேளாமல் துளைத்தவன். கேளாமல் எடுத்தார் என்று தருமன் மேல் கோபப்பட்டவன்.

திறப்பைக் கொடுத்தேன். வாணி சங்கிலியைக் கழற்றி ஓரமாக வைத்தாள், என் முன்னாலேயே கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்பினாள், இரண்டு உதை, போய்விட்டாள்.

வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். அடக்கத்துக்கு முன் இடம் தராத விமானத்தின் மேல், அந்த ‘ஓ’வின் மேல், எனக்குச் சொல்லாமல் தன் பொருள்களையெல்லாம் ஒழுங்காகப் பகிர்ந்துவிட்டுப் போன தம்பியின் மேல். சுத்தியலை எடுத்தேன். வளையம் அசையவில்லை, அசையாதபடி இறக்கியவன் நானே. தரையை உடைத்தாலன்றி அது வராது.

“புவனம், உடைக்கட்டுமா?” என்றேன். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் அனுமதி.

“வேணாம் அத்தான். கிடக்கட்டும். கேட்டிருந்தா நானே இடம் காட்டியிருப்பன்.”

மறுநாள் காலை நான் விறாந்தைக் கதிரையில் அமர்ந்திருந்தேன். புவனம் கூட்டிக்கொண்டு வந்தாள். தும்புத்தடி வளையத்துக்குக் கிட்ட வந்தது. அதைச் சுற்றிக் கூட்டினாள். பிறகு என் கால்களுக்குக் கிட்ட வந்தது. எடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. அவற்றையும் சுற்றிக் கூட்டிவிட்டு முற்றத்தில் இறங்கினாள்.