ஹெல்மெட்டில் ஒட்டிய பெயர்

என் பீரோவின் மேல் ஒரு கறுப்பு ஹெல்மெட் இருக்கிறது. முன்கண்ணாடி கிடையாது. இடது பக்கம் நெற்றியோரம் ஒரு விரிசல், அதன் ஓரத்தில் எத்தனை துடைத்தும் போகாத பழுப்புக் கறை. பின்பக்கம் மஞ்சள் ஸ்டிக்கரில் சிவப்பு எழுத்தில் ‘எஸ்டேட் பக்கம்’ என்று இருக்கும், அதன் கீழே எங்கள் வலைப்பூவின் முகவரி. அந்த முகவரியைத் தட்டினால் இப்போது எதுவும் வராது. வீட்டை ஒழிக்கிற ஒவ்வொரு முறையும் “இந்தச் சனியன எப்பதான் தூக்கிப் போடப் போற?” என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நான் காதில் விழாதவள் மாதிரி அதைத் துடைத்துத் திரும்ப மேலே வைத்துவிடுவேன்.

அது ஸ்டோர்ஸ் அண்ணனுடையது. அம்பத்தூர் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் ஒரு சின்ன கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து மின்சார ரயிலில் வந்து, அதே தெருவில் வேறொரு கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் உட்கார்ந்து பொழுதைத் தள்ளியவள். சாப்பாட்டு நேரத்தில் வலைப்பூ ஒன்று தொடங்கினேன். எஸ்டேட்டின் டீக்கடை, கேன்டீன் சாம்பார், ரயில் கூட்டம் என்று எழுதுவேன். முதல் பதிவுக்கு வந்த முதல் பின்னூட்டம் அவருடையது: ‘மீ த ஃபர்ஸ்ட்டு.’ யார் முதலில் பின்னூட்டம் போடுகிறார்கள் என்பதில் அன்றைய பதிவர்களுக்குள் ஒரு பெரிய போட்டியே நடந்தது, அதில் அண்ணனை யாராலும் முந்த முடிந்ததில்லை. எல்லாப் பின்னூட்டமும் தன் மெயிலுக்கு வந்து விழும்படி வைத்திருந்தார். ஒரு மாதம் கழித்து டீக்கடையில் நேரில் வந்து, “இன்னா தங்கச்சி, நீதான் எஸ்டேட் பக்கமா? நானும் எய்தலாமா?” என்று கேட்டார். அன்றிலிருந்து வலைப்பூ எங்கள் இருவருடையது.

ஆள் சேர்ப்பதில் அவருக்கு இருந்த வெறி எனக்குக்கூடக் கிடையாது. ஸ்டிக்கர் அடித்து ஷேர் ஆட்டோக்களில் ஒட்டியது அவர் வேலை, தன் ஹெல்மெட்டில் முதலில் ஒட்டிக்கொண்டதும் அவர்தான். பின்னூட்டம் போடுகிற ஒருவரையும் பதில் இல்லாமல் அனுப்பக் கூடாது, புது ஆள் என்றால் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேச வேண்டும் என்பது அவர் எனக்குப் போட்ட சட்டம். “ஊட்டுக்கு வந்தவங்கள வான்னு சொல்லணும்ல” என்பார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

ஆனால் கூட்டம் எதற்கு வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவள் நான். கேன்டீன் சாம்பாருக்கு யாரும் வரவில்லை. பிரஸ் மெஷினில் ஒருவருக்கு மூன்று விரல் போனதை எழுதியபோது வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நடந்த வெட்டுக்குத்தை எழுதியபோது இன்னும் வந்தார்கள். ரத்தம் இருந்தால் வாசகர் உண்டு, அவ்வளவுதான் விஷயம். “அண்ணே, நகைச்சுவையெல்லாம் போதும், அடிதடியா எழுதுங்க” என்று நானே சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதினார்.

அப்படித்தான் அந்தத் தண்ணீர் லாரிப் பதிவு வந்தது. காட்டுப்பாக்கத்தில் லாரி ரிவர்ஸில் வந்து, பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணின் காலை நசுக்கியதை அண்ணன் தன் கண்ணால் பார்த்திருந்தார். தட்டிக்கேட்டவர்களை லாரி ஆட்கள் இரும்புக் கம்பியால் அடித்திருக்கிறார்கள். லாரி எண்ணோடு எல்லாவற்றையும் எழுதிவிட்டார். ‘தண்ணீர் லாரியா, எமன் லாரியா?’ என்று தலைப்பு வைத்தது நான். கூட்டம் அள்ளியது. பெயரில்லாத மிரட்டல்களும் வந்தன: ‘கை இருந்தா தானே டைப் அடிப்ப’, ‘கண்ண நோண்டிடுவோம்’. ஆபாசம் தாங்காமல் நான் ஏற்கெனவே மட்டுறுத்தல் வைத்திருந்தேன். ஒவ்வொரு பின்னூட்டமும் என் கையால் ‘வெளியிடு’ அழுத்தினால்தான் வெளியே தெரியும். அந்த மிரட்டல்களையும் நான் வெளியிட்டேன். சண்டை நடந்தால்தான் கடை களைகட்டும் என்று தெரிந்தே வெளியிட்டேன்.

கும்மி என்ற சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பதிவின் கீழே பத்துப் பேர் கூடி, சம்பந்தமில்லாமல் அரட்டை அடித்துப் பின்னூட்ட எண்ணிக்கையை ஏற்றுவதற்குப் பதிவுலகில் கும்மி என்று பெயர். ‘வாங்க, வெச்சுக் கும்முவோம்’ என்றால் எங்களுக்கு அது விருந்து அழைப்பு. தெருவில் அந்தச் சொல்லுக்கு அடித்து நொறுக்குவது என்று அர்த்தம் என்பது எஸ்டேட்டில் வேலை பார்த்த எனக்குத் தெரியாதா? தெரியும். கணினி முன்னால் உட்கார்ந்தால் மறந்துபோகும்.

முகப்பேர் பூங்காவில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வாசகர் சந்திப்பு என்று அறிவித்தோம். அதன் கீழே பெயரில்லாத ஒருவர் எழுதினார்: ‘நாங்களும் வரோம். வெச்சு கும்முறோம்.’ சிரித்துக்கொண்டே வெளியிட்டேன். சற்று நேரத்தில் அவரே கேட்டார்: ‘ஸ்டோர்ஸ் அண்ணன எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?’ புது ஆள், அதுவும் நேரில் வருகிறேன் என்கிறார். அண்ணனின் சட்டப்படி இரண்டு வார்த்தை கூடுதலாகவே பதில் போட்டேன்: ‘ரொம்ப சுலபம். ஹெல்மெட்டுக்குப் பின்னாடி நம்ம பேர் ஒட்டியிருக்கும். அவசியம் வாங்க, போண்டா உண்டு.’ ஒரு சிரிப்புக் குறியும் போட்டேன்.

பதினைந்து பேர் வந்திருந்தோம். நான் பெஞ்சில் காகிதத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி திரும்பினார். அங்கே நின்றிருந்த மூன்று பேரில் ஒருவன் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு “எஸ்டேட் பக்கமா?” என்றான். அண்ணன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். “ஆமா நைனா! நீங்களும் நம்ம ஆளா? வாங்க, வாங்க” என்று கையை நீட்டினார். நீட்டிய கையை ஒருவன் பிடித்து முறுக்கினான். இன்னொருவன் ஹெல்மெட்டைப் பிடுங்கி அதனாலேயே முகத்தில் அடித்தான். முதல் அடியில் முன்கண்ணாடி உடைந்தது. அடுத்த அடியில் அந்த உடைந்த கண்ணாடி இடது கண்ணுக்குள் போனது. விழுந்தவரை மூன்று பேரும் மிதித்தார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் இருபது அடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது. “கும்முறோம்னு சொன்னோம்ல? வந்துட்டோம்ல?” என்று கத்திக்கொண்டே மிதித்தான் ஒருவன். எங்களில் ஒருவர் ஓடினார். ஒருவர் கேமராவைத் தூக்கினார். நான் தட்டுகளைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அந்த நிற்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆட்டோவில் அவர் தலை என் மடியில் இருந்தது. “ஹெல்மெட்ட எட்த்தியா?” என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். துப்பட்டாவில் ரத்தம் காய்ந்திருந்தது. அதைக்கூட மாற்றாமல் கணினியைத் திறந்து என் பதிலைத் தேடினேன். ‘நிச்சயம் அழிக்கவா?’ என்று கேட்டது. அழித்தேன். பிறகு தாக்குதலைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். எங்கள் வலைப்பூவுக்கு அதற்கு முன்னும் பின்னும் அத்தனை பேர் வந்ததில்லை. மூவரில் ஒருவனைப் பிடித்தார்கள். யார் அனுப்பியது என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. கும்மிக்கு நடுவே புதைந்திருந்த என் பதில் யார் நினைவிலும் இல்லை. எங்களைக் காட்டிக்கொடுத்தது யார் என்று பதிவர்கள் துப்பறிந்தார்கள், நானும் கூடவே துப்பறிந்தேன்.

இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்களில் அவருக்கு வந்த மெயில்களையெல்லாம் அண்ணிதான் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். ஒருநாள் பார்க்கப் போனேன். அண்ணி கட்டிலுக்கு அடியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து என் கையில் திணித்தார். “உன் பேரு தானே ஒட்டிக்கீது. நீயே வெச்சுக்கோ.” நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டே வாங்கி வந்தேன். அண்ணன் அதன்பிறகு எழுதவில்லை. எங்கேயும் ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ போடவும் இல்லை. நான் போன் செய்தால் “நல்லாகீறேன்மா” என்று வைத்துவிடுவார். வலைப்பூவை மூடினேன்.

இப்போது நான் அம்பத்தூர் வட்டாரத்துக்கென்று ஒரு முகநூல் குழு நடத்துகிறேன். தண்ணீர் வராதது, நாய்த்தொல்லை, ரயில் தாமதம் என்று போகும். அடிதடிச் செய்திக்கு அனுமதி இல்லை, அதனால் குழு மெதுவாகத்தான் வளர்ந்தது. அண்ணன் அதில் சேர்ந்திருக்கிறார் என்று உறுப்பினர் பட்டியலில் பார்த்திருக்கிறேன். ஒரு விருப்பக்குறிகூடப் போட்டதில்லை. போன மாதம் உறுப்பினர்கள் நேரில் சந்திக்கலாமே என்று எல்லோரும் கேட்க, ஞாயிறு காலை என்று அறிவித்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரியாத ஒருவர் கீழே கேட்டார்: ‘அட்மின் மேடத்தை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?’

நல்ல மனிதராகவே இருக்கலாம். பதில் பெட்டியைத் திறந்தேன். அப்போது அந்தக் கேள்விக்குக் கீழே, வேறு யாரும் பதில் போடுவதற்கு முன்னால், முதல் ஆளாக ஒரு வரி வந்து விழுந்தது. ஸ்டோர்ஸ் அண்ணன்.

‘சொல்லாத தங்கச்சி.’

அந்த நாளில் வலைப்பூவின் எல்லாப் பின்னூட்டமும் அவர் மெயிலுக்குப் போகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இங்கே அழித்தது அங்கே அப்படியே இருந்திருக்கிறது. அண்ணி அதைத்தான் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து சத்தமாகப் படித்திருக்கிறார். கையில் ஹெல்மெட்டைத் திணித்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று இப்போது நினைவுக்கு வந்தது. அதில் பாசம் எங்கே இருந்தது? இத்தனை வருஷமாக இரண்டு பேரும் தெரிந்தே எனக்குப் போனில் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

பீரோவுக்கு மேலிருந்து ஹெல்மெட்டை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வரிக்குக் கீழே, குழுவே பார்க்கட்டும் என்று, ‘அன்னிக்கு நான்தான் அண்ணே சொன்னேன்’ என்று தட்டி வெளியிட்டேன். சந்திப்பில் எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன். அண்ணன் வரவில்லை, பதிலும் போடவில்லை. அந்த வரியை நான் அழிக்கவில்லை. ஹெல்மெட்டும் பீரோ மேலேயே இருக்கிறது.